பதில் கூவாத காலை

திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரி போகிற பஸ் செஞ்சியில் டயர் வெடித்து நின்றது. மாற்று டயர் வருவதற்குள் ஒரு டீ குடித்தேன். சாலையோரம் சீதாப்பழக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். மலையில் பழம் பறிக்க ஆள் போதவில்லை என்றார்கள். பஸ் கிளம்பியபோது நான் அதில் இல்லை. பெரும்பாலான ஊர்களுக்கு நான் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். போர்வெல் வண்டியில் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று அலைந்தேன். பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டினேன். ஒரு மழைக்காலம் முழுக்க சிமெண்ட் கிடங்கில் மூட்டைகளின் மேலேயே படுத்துத் தூங்கினேன். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பாறைக்காடு எனக்குக் கஷ்டமாக இருக்காது என்றுதான் நினைத்தேன்.

செஞ்சியின் கோட்டை மலைகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவற்றுக்கு மேற்கே, திருவண்ணாமலை ரோட்டை விட்டு உள்ளே போனால், அதே மாதிரி மலைகள் கோட்டை இல்லாமல் கிடக்கின்றன. மண் குறைவு. பாறைமேல் பாறை, அதன்மேல் பாறை. யானை மாதிரி என்று சொல்வார்கள். யானையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினால் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். வீடு அளவுள்ள ஒரு குண்டுப்பாறை இன்னொன்றின் விளிம்பில் விரல் அகலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே குனிந்து போகும்போதெல்லாம் எனக்கு மூச்சு தானாக நின்றுபோகும். பாறைகளுக்கு நடுவே உள்ள சந்துகளைப் பொடவு என்பார்கள். சிலவற்றில் கல்லைப் போட்டால் விழுகிற சத்தமே கேட்காது. இந்தப் பாறைகளின் இடுக்கில்தான் சீதா மரங்கள் முளைத்திருக்கின்றன.

பறிக்கிற கூட்டத்துக்கு ஒரு அக்காதான் தலைமை. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். கண் விரிந்த காயாகப் பார்த்துப் பறிக்கணும், கண் மூடிய காயைப் பறித்தால் பழுக்காது, கறுத்துத்தான் போகும் என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பாறைக்குப் பின்னால் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் யாரையும் காணவில்லை. பத்தடி தள்ளி ஆள் இருந்தாலும் அங்கே தெரியாது. எங்கிருந்தோ ஒரு கூவல் வந்தது. "கூ" என்று நீளமாக, முடிவில் கொஞ்சம் மேலே ஏறி. நான் பழம் தின்றுகொண்டிருந்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். சற்று நேரத்தில் அக்கா முள்ளில் புடவை கிழிய என் முன்னால் வந்து நின்றார்.

"கூவுனா திருப்பிக் கூவ மாட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டயா?"

"பழம்க்கா."

"பழத்தத் துப்பிட்டுக் கூவு. நீ செத்தியா பொழச்சியான்னு எனுக்கு எப்டித் தெரியும்? வேலய வுட்டுட்டு உன்னத் தேடினு வரணும்."

அந்த மலைகளில் அதுதான் வழக்கம். பழம் பறிக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், சுள்ளி பொறுக்குகிறவர்கள், யாராக இருந்தாலும் ஒரு கூவல் காதில் விழுந்தால் ஒரு கூவல் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் கூவினார்கள் என்று கேட்கிறது கிடையாது. கேட்டும் கொடுக்காமல் போனால் மலை கோபித்துக்கொள்ளும் என்பார் அக்கா. சில நாளில் எனக்கும் அது இருமலுக்கு வாய் பொத்துகிற மாதிரி ஆகிவிட்டது. யோசிப்பதற்கு முன்பே வாய் கூவிவிடும்.

அந்தக் கூவலால்தான் டென்ட்டு சாரை எங்களுக்குத் தெரியும். எழுபதை ஒட்டிய வயது, முட்டிவலிக்குக் கைத்தடி, சென்னைக்காரர். ஒவ்வொரு புரட்டாசியிலும் வந்து, காட்டு இலாகா எல்லைக்கு வெளியே ஒரு தட்டைப் பாறையில் பச்சைக் கூடாரம் அடித்துத் தங்குவாராம். முதல் வருஷம் சும்மா விளையாட்டுக்கு அவர் கூவியிருக்கிறார். நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்ததும் பயந்துபோய்க் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாராம். அக்கா அதை நடித்துக் காட்டுவார். பிறகு வழக்கம் தெரிந்துகொண்டு, தினமும் விடிந்ததும் கூடாரத்து வாசலில் நின்று ஒருமுறை கூவுவார். நாங்கள் ஏறிக்கொண்டே பதில் கொடுப்போம். போகிற வழியில் சின்ன அடுப்பில் டீ போட்டுத் தருவார்.

வேலைக் காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். "தம்பி, நான் எப்பவும் குழிக்குள்ள நின்னு மேல பாத்தவன். தெரியறது ஒரு சதுரம். அதையும் லிஃப்ட் வந்து மூடிடும்," என்றார் ஒருமுறை. பாறைகளைக் காட்டி, "இதையெல்லாம் யாரும்மா தூக்கி வெச்சது?" என்று அக்காவைக் கேட்டார்.

"நாங்க வெக்கல சார். நாங்க வர்றப்பவே இருந்துது."

அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

அவர் காணாமல் போன அன்று காலையும் அவருடைய கூவல் வந்தது. வழக்கத்தைவிட மேலேயிருந்து வந்த மாதிரி எனக்குப் பட்டது. எல்லோரும் பதில் கொடுத்தோம். கூடாரத்தைத் தாண்டியபோது ஆள் இல்லை; ஒரு பனியன் முள்செடியில் காய்ந்துகொண்டிருந்தது. சுனைக்குக் குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்தோம். பிற்பகலில் மேலே ஒரு கூவல் கேட்டது, பதில் கொடுத்தோம். வெயில் சாயும்போது மறுபடி ஒன்று, அதற்கும் கொடுத்தோம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டோம்.

மறுநாள் காலையில் கூவல் இல்லை. பனியன் அதே முள்ளில் பனியில் நனைந்து விறைத்துப்போய்த் தொங்கியது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நேத்தே காஞ்சதுப்பா," என்றார்.

கூடாரத்துக்குள் போர்வை மடித்து வைத்திருந்தது. மாத்திரை டப்பா, கைத்தடி, செல்போன் எல்லாம் இருந்தன. தண்ணீர் கேன் நிறைந்திருந்தது. அக்கா இரண்டு நாளைக்கு முன்பு கொடுத்த பழங்கள் வைக்கோலில் அப்படியே இருந்தன. ஷூ மட்டும் இல்லை.

"நேத்து சாயந்தரம்கூட கூவுனாரே," என்றாள் ஒரு பெண்.

"அது அவருதான்னு உனுக்கு யாரு சொன்னது?" என்றார் அக்கா.

அது சார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். பழம் பறிக்கிற எங்களில் ஒருவர் என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர் யாரோ என்று நான் நினைத்திருந்தேன். கேட்டது, கொடுத்தோம், அவ்வளவுதான். அந்த மலையில் யாரும் அதற்குமேல் யோசித்ததில்லை.

அந்த நேரத்தில் செல்போன் அடித்தது. 'வீடு' என்று திரையில் வந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காதான் எடுத்தார்.

"நீங்க யாரு? அவர்கிட்ட குடுங்க," என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"அம்மா, நீங்க ஒரு ஆளத் தொணைக்குக் கூட்டினு கெளம்பி வாங்க," என்றார் அக்கா. "பதறாத வாங்க. நாங்க தேடினு இருக்கிறோம்."

நான் ஓடிப்போய் செஞ்சியில் போலீசுக்குச் சொன்னேன்.

அந்த அம்மா மகனோடு வந்து சேர்ந்தபோது மலையில் தேடல் நடந்துகொண்டிருந்தது. போலீஸ் வந்திருந்தது, காட்டு இலாகா ஆட்கள் வந்திருந்தார்கள், சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஜனம் வந்திருந்தது. அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும்கூட பைக்கில் ஆட்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பொடவுகளுக்குள் கயிறு கட்டி இறங்கினார்கள். டார்ச்சும் கயிறும் போதாமல் வேட்டியை முடிந்துகொண்டு இறங்கிய ஆட்களையும் பார்த்தேன். நானும் இறங்கினேன். உள்ளே வௌவால் நாற்றமும் குளிர்ந்த கல்லும்தான். ஓர் இடத்தில் கீழே போகப் போக இடம் அகலமாகி, ஒரு கோயில் மண்டபம் அளவுக்கு விரிந்தது. மேலே எங்கிருந்தோ ஒரே ஒரு கோடு வெயில் இறங்கி நின்றது. மனிதக் கால் பட்ட அடையாளமே இல்லை. பயப்படுவதற்கு மறந்துபோய் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து கயிற்றை இழுத்தபோதுதான் எதற்கு இறங்கினேன் என்பது நினைவுக்கு வந்தது.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்திருந்தார்கள். மலை முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒருவர் கூவினால் அந்தப் பக்கம் பத்துப் பேர் பதில் கொடுத்தார்கள். அதைக் கேட்டு அடுத்த மலையில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். பாறை வேறு அதைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு கூவலுக்கும் அந்த அம்மா எழுந்து நின்றார்.

"அதோ, அங்கேயிருந்து வருது!"

"அது நம்ம ஆளுங்கம்மா," என்றார் ஒரு போலீஸ்காரர். "தேடறவங்க."

"இது?"

"அதுவும் நம்ம ஆளுதாம்மா. உக்காருங்க."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாரும் கூவினா, அவர் கூவறது எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டார்.

மேலே போய்ச் சொன்னேன்: யாரும் பதில் கூவாதீர்கள் என்று. சரி சரி என்றார்கள். அடுத்த கூவலுக்கு, சரி என்று சொன்ன அதே வாய்கள் கூவின. நானும் கூவினேன்.

மோப்ப நாய் வந்தது. கூடாரத்திலிருந்து நேராகச் சுனைவரை போயிற்று. அங்கே தண்ணீரைச் சுற்றிவந்து, படுத்துவிட்டது. சுனையை இறைத்துப் பார்த்தார்கள். தவளைதான் இருந்தது. ட்ரோன் பறக்கவிட்டார்கள். அது காட்டிய படத்தை எட்டிப் பார்த்தேன். நான் இத்தனை நாள் ஊர்ந்து திரிந்த இடம் மேலேயிருந்து கொட்டிவைத்த கடலை மாதிரி இருந்தது, விளிம்பே இல்லாமல்.

டீக்கடையில் பேச்சு ஓடியது.

"கரடி இட்டுனு பூட்டிருக்கும்."

"கரடி ஷூவயுமாடா துன்னும்?"

"சித்தராப் பூட்டாருப்பா. அண்ணாமல எட்டுற தூரம்தான?"

"சித்தராப் போறவன் செல்போன வுட்டுட்டுப் போவான். பனியன எதுக்குத் தொவச்சிப் போட்டுட்டுப் போறான்?"

எனக்கும் அந்தப் பனியன்தான் புரியவில்லை. திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று துவைத்திருக்கிறார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, கைத்தடி இல்லாமல், முட்டிவலியோடு எங்கேயோ ஏறியிருக்கிறார். ஏறியவர் கூவினாரா, இல்லையா? இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை.

தேடுவது நின்றது. மனசில்லாமல்தான் நிறுத்தினார்கள். மகன் அம்மாவை அழைத்துப்போகப் பார்த்தார். நல்ல மனிதர், தானும் பொடவுகளில் இறங்கி முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டவர். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் போன் போட்டபடி இருந்தார்கள். உடம்பு கிடைக்காவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம், நாள் தள்ளிப்போகிறது என்றார்கள். இருக்கிறாரா, இல்லையா என்று அந்த அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை நான் மேல போய்க் கூவணும்," என்றார் அம்மா. "யாரும் பதில் குடுக்கக் கூடாது. பதில் வந்தா அவர். வரலேன்னா நான் கிளம்பறேன், நீங்க சொல்றபடி பண்ணிக்கோங்க."

மகன் எங்களைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் இறுகியது.

"அம்மா, வேற எது வேண்ணாலும் கேளுங்க. எங்காளுங்க அத்த ஒத்துக்க மாட்டாங்க. கூவுனா குடுக்காம இருந்தா..." என்று இழுத்தார்.

"தெரியும்மா. மலை கோச்சுக்கும். தம்பி சொன்னார். கோச்சுண்டா என்மேல கோச்சுக்கட்டும்."

அக்கா ரொம்ப நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். அன்றைக்கு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போனோம். ஒரு கிழவர், "ஆயிசுக்கும் நான் கூவாம இருந்ததில்ல, இப்ப யாரோ மெட்ராஸ் அம்மாவுக்கோசரம் வாயக் கட்டணுமா?" என்று சண்டைக்கு வந்தார்.

"உம் பொண்டாட்டி உன்னத் தேடுனா இன்னா பண்ணுவ?" என்றார் அக்கா.

"அவ எங்க தேடப்போறா? தொலஞ்சான்னு பூ வாங்கி வெச்சிக்குவா," என்றார் கிழவர். ஆனால் ஒத்துக்கொண்டார்.

குறித்த காலையில் அம்மாவை மேலே கூட்டிப்போனோம். ஏறி முடிப்பதற்குள் எங்கள் மூன்று பேர் தோளும் அவருக்குக் கைப்பிடி ஆகிவிட்டன. கணவர் வருஷாவருஷம் வந்த இடத்தை அவர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார். பச்சைக் கூடாரம் அப்படியே நின்றது. அதைப் பார்க்காமல் தட்டைப் பாறையின் ஓரத்துக்குப் போனார். கீழே ஏரி, வயல், பனைமரம், தூரத்தில் கோட்டை மலைகள். மற்ற மூன்று பக்கமும் பாறை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்குத்தான் வந்தாரா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

முதலில் அவருக்குக் கூவ வரவில்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அடுத்தது இருமல் மாதிரி இருந்தது. "நான் சத்தம் போட்டே பேசினதில்லை," என்றார். அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து வாயருகே குவித்து வைத்தார். "வயித்துலர்ந்து வரணும்மா. தொண்டயில இல்ல."

அம்மா கூவினார்.

அந்தச் சத்தம் அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. அது பாறைகளின் மேலே போயிற்று. போனபிறகு வந்த அமைதியைப் பற்றி எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நான் ஓசைகளிலேயே வளர்ந்தவன். போர்வெல் வண்டிக்குப் பக்கத்தில் தூங்கியிருக்கிறேன். அந்த மாதிரி அமைதி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. புரட்டாசிச் சனிக்கிழமை, கீழே பெருமாள் கோயிலில் ரேடியோ செட்டை நிறுத்தியிருந்தார்கள். டிராக்டர் ஓடவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டு மணிக்குள் புல்லைத் திணித்திருந்தார்கள். அதை நாங்கள் சொல்லக்கூட இல்லை, அவர்களாகச் செய்தது. கண்ணுக்குத் தெரியாமல் அத்தனை மலைகளிலும் அத்தனை பேர், வாய்வரைக்கும் வந்த கூவலை விழுங்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நானும் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வெயிலேறிய பாறை எங்கேயோ 'டிக்' என்று விரிகிற சத்தம் கேட்டது. ஒரு பல்லி ஓடுகிற சத்தம் கேட்டது.

அதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். எதிர் மலையிலிருந்து ஒரு கூவல் வந்தது.

அம்மா இரண்டடி முன்னால் போய்விட்டார். விளிம்பு. அக்கா பாய்ந்து கையைப் பிடித்தார்.

"அது நீங்கதாம்மா," என்றார் மெதுவாக. "நீங்க கூவுனது. பாறயில பட்டுத் திரும்புது."

அம்மா தலையை ஆட்டினார். காத்திருந்தார். நிழல் நகர்ந்தது. வேறு எதுவும் வரவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, அத்தனை பேரில் ஒருத்தர்கூட.

கடைசியில், "போதும்," என்றார். "பாவம், அவாள்ளாம் எவ்வளவு நேரம் இருப்பா. சொல்லிடுங்கோ."

பேசிவைத்திருந்தபடி நான் துண்டை எடுத்து ஆட்டினேன்.

முதலில் பக்கத்துப் பாறையிலிருந்து ஒன்று. பிறகு கீழே இரண்டு மூன்று. பிறகு எல்லா மலைகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. விழுங்கி வைத்திருந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல், பாறை அதைத் தூக்கிப் பாறைக்குக் கொடுத்து, மேலே மேலே ஏறிக்கொண்டு. அக்கா அழுதுகொண்டிருந்தார். அம்மா அழவில்லை. எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார்.

மகனின் செல்போன் அடித்தது. பார்த்துவிட்டு, "பெரியப்பாம்மா. என்ன சொல்லட்டும்?" என்றார்.

"காணோம்னு சொல்லு."

"அம்மா, நீதானே பதில் வரலேன்னா..."

"வரலைன்னு சொன்னேனா? இத்தனை வந்திருக்கே." கொஞ்சம் நிறுத்தினார். "எது அவரோடதுன்னுதான் தெரியலை. அதனால காணோம்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாதே. தர்ப்பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கூவல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எல்லாம் அடங்கியபிறகு, மேலே, நாங்கள் யாரும் பழத்துக்குப் போகாத முகட்டுக்கு அந்தப்புறமிருந்து தாமதமாக ஒன்று வந்தது. மெல்லியதாக, முடிவில் கொஞ்சம் மேலே ஏறி.

அம்மா அக்காவைப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார் அக்கா. "ஆட்டுக்காரன் எவனாச்சும் தூங்கினு இருந்திருப்பான்."

அப்படித்தான் இருக்கும். அம்மாவைக் கீழே இறக்கிவிட்ட பிறகு நாங்கள் இரண்டு மூன்று பேர் அந்த முகட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஆடும் இல்லை, ஆளும் இல்லை. அதற்குள் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

"இருக்கட்டும்," என்றார் அம்மா. கைகளைக் குவித்து, வயிற்றிலிருந்து, முகட்டைப் பார்த்து ஒருமுறை கூவினார்.

மகன் செல்போனைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார்.